739397: ஆரியங்காவு லாட்டரிச் சீட்டில் வந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்

#1 ஆரியங்காவு_மணி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஆரியங்காவு, கேரள எல்லையோரம். இங்கே டீக்கடையை ஒட்டி ஒரு லாட்டரித் தட்டு இருக்கிறது. சில்லறை மிஞ்சினால் ஒரு சீட்டு எடுப்பேன். போன வாரம் எடுத்தது 739397. குலுக்கல் முடிந்துவிட்டது, பரிசு ஒன்றும் விழவில்லை. கடைசி நாலு எண்ணுக்கு விழும் சின்னப் பரிசுகூட இல்லை.

சீட்டைக் கசக்கப் போகும்போது காலேஜில் கணக்குப் படிக்கும் மருமகள் பிடுங்கிக்கொண்டாள். “மாமா, இது சாதாரண எண் இல்லை. இந்தப் பக்கம் வெட்டினாலும் அந்தப் பக்கம் வெட்டினாலும் பகா எண்தான் வரும். இதைவிடப் பெரிசா இப்படி ஒண்ணு கிடையாது” என்கிறாள். அவள் சொல்வது எனக்குப் பாதிதான் புரிந்தது. இதில் அப்படி என்னதான் இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் மெதுவாகச் சொல்லுங்கள். நான் பத்தாவதோடு நின்றவன்.

#2 குற்றாலச்சாரல்

அண்ணாச்சி, நான் சொல்கிறேன். 7+3+9+3+9+7 = 38. 3+8 = 11. 1+1 = 2. சந்திரன் எண். திங்கட்கிழமை வாங்கியிருந்தால் பம்பரே விழுந்திருக்கும். 😄

#3 கணக்கு_வாத்தியார்

சாரல் தம்பி கூட்டியது வீண் போகவில்லை, சந்திரனை மட்டும் விட்டுவிடுவோம். இலக்கங்களைக் கூட்டிக் கூட்டிக் கடைசியில் வரும் 2 என்பது அந்த எண்ணை 9-ஆல் வகுத்தால் வரும் மீதி. அப்படியானால் 3-ஆல் வகுத்தாலும் மீதி 2. இந்த 2-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு வேண்டியிருக்கும்.

இப்போது மணி கேட்டதற்கு வருகிறேன். வலது பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாகத் தட்டிவிடுங்கள்:

739397, 73939, 7393, 739, 73, 7

எல்லாமே பகா எண்கள், அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாதவை. சரி, இடது பக்கத்திலிருந்து தட்டுங்கள்:

739397, 39397, 9397, 397, 97, 7

இவையும் பகா எண்கள்தான். இப்படி இரண்டு பக்கமும் தாங்கும் எண்கள் மொத்தம் 15 மட்டுமே: 2, 3, 5, 7, 23, 37, 53, 73, 313, 317, 373, 797, 3137, 3797, அப்புறம் 739397. ஐந்திலக்கத்தில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். 3797-க்கு அடுத்து ஒரே தாவாக ஆறிலக்கத்துக்கு வந்து, அதோடு கதை முடிகிறது. ஏழிலக்கத்தில் கிடையாது, எழுபது இலக்கத்திலும் கிடையாது. உங்கள் மருமகள் சொன்னது முழுக்கச் சரி.

பகா எண்தானா என்று கையால் பார்க்க ஆசையிருந்தால் ஒரு வழி சொல்கிறேன். எண்ணை நடுவில் உடையுங்கள்: 739, 397. கழித்தால் 342. 7×11×13 = 1001 ஆகையால், இந்த மூன்றில் 342 எதனால் வகுபடவில்லையோ மூல எண்ணும் அதனால் வகுபடாது. 342 = 2×3×3×19. ஆக 7, 11, 13 மூன்றும் ஒரே கழித்தலில் வெளியே போய்விட்டன. கூட்டினால் 1136. 999 = 27×37 என்பதால் 37-க்கு இதே வேலை: 1136-ஐ 37-ஆல் வகுத்தால் மீதி 26. அதுவும் போயிற்று.

எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும்? 860-இன் வர்க்கம் 7,39,600. நம் எண் அதைவிட 203 குறைவு. ஆகவே 859 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவை 149. 2, 3, 5 பார்த்த உடனே தெரியும், மேலே நாலு முடிந்தது, மீதி 142. ஒரு மழைநாள் போதும்.

#4 எதிர்க்கேள்வி

வாத்தியார் ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனால் இதையெல்லாம் எண்ணின் பண்பு என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. இலக்கம் என்பது எண் போட்டிருக்கும் சட்டை. நமக்குப் பத்து விரல் இருப்பதால் பத்து அடிமானத்தில் எழுதுகிறோம். இதே எண்ணை எட்டு அடிமானத்தில் எழுதுங்கள்: 2644105. வலது பக்கம் ஓர் இலக்கத்தைத் தட்டினால் 264410, சுழியில் முடிகிறது, எட்டால் வகுபடும். முதல் வெட்டிலேயே அழகு காலி.

ஹார்டி 1940-இலேயே இதைச் சொல்லிவிட்டார். நாலிலக்க எண்களில் திருப்பிப் போட்டதன் மடங்காக வருவது இரண்டுதான்: 8712 = 4×2178, 9801 = 9×1089. இது பத்திரிகைப் புதிர்ப் பக்கத்துக்குப் பொருத்தம், கணிதக்காரனுக்கு இதில் ஒன்றும் இல்லை என்பது அவர் கட்சி. ராமானுஜனைக் கண்டெடுத்த மனிதர் சொன்னது.

(அடுத்து யாரோ ராமானுஜனின் டாக்ஸி எண் 1729-ஐக் கொண்டு வரப் போகிறீர்கள். வேண்டாம், எல்லோருக்கும் தெரியும்.)

#5 கழுதுருட்டி_ரேவதி

எதிர்க்கேள்வி சொல்வதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். வெட்டும் விளையாட்டு பத்து அடிமானத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் சட்டையைக் கழற்றினாலும் இந்த எண்ணிடம் சரக்கு இருக்கிறது. மதிய இடைவேளையில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலாவது, 4-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படிப்பட்ட பகா எண் ஒவ்வொன்றையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு விதத்தில் எழுதலாம். கணிதர் ஃபெர்மா 1640-இல் மெர்சென்னுக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. நூறு வருஷம் கழித்து ஆய்லர் நிரூபித்தார். நம்முடையது:

739397 = 826² + 239²

682276-உடன் 57121-ஐக் கூட்டிப் பாருங்கள். இதை எட்டு அடிமானத்தில் எழுதினாலும் பன்னிரண்டில் எழுதினாலும் மாறாது. கம்ப்யூட்டர் இல்லாமலும் தேடலாம். எண் 7-இல் முடிவதால் இரண்டு வர்க்கங்களும் 5-ஆல் வகுத்தால் மீதி 1 தர வேண்டும், 3-ஆல் எதுவும் வகுபடக் கூடாது, இரட்டைப்படை எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 2 வர வேண்டும். இந்த மூன்று சல்லடையிலேயே இரட்டைப்படை எண்களில் அறுபதுக்கு நான்குதான் மிஞ்சும்: 14, 26, 34, 46, பிறகு 74, 86 என்று. 826 அந்த வரிசையில் கிட்டத்தட்டக் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் கீழிருந்து தேடுபவருக்குப் பொறுமை வேண்டும். 406 வரும்போது ஏமாறாதீர்கள்: 739397-இலிருந்து 406²-ஐக் கழித்தால் 574561, அது 758²-ஐ மூன்றே மூன்றில் தவறவிடுகிறது.

இரண்டாவதுதான் எனக்கு அதிகம் பிடித்தது. மணி அண்ணா, உங்கள் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டுகள் எவை என்று ஞாபகம் இருக்கிறதா?

#6 ஆரியங்காவு_மணி

இருக்கிறதே. பலகையில் நூல் கட்டி, துணி கிளிப் போட்டுத்தான் தொங்கவிட்டிருப்பார். ஒரே கட்டில் 739390-இலிருந்து 739399 வரை வரிசையாக இருந்தது. நான் ஏழில் முடிவதை உருவினேன். ஏழு எனக்குப் பிடிக்கும், வேறு காரணம் இல்லை.

#7 கழுதுருட்டி_ரேவதி

அப்படியானால் அந்தக் கிளிப்பில் தொங்கியது நான்கு பகா எண்கள் அண்ணா: 739391, 739393, 739397, 739399.

இந்த இடத்தில் இது எவ்வளவு அபூர்வம் என்று பாருங்கள். ஏழு லட்சத்துச் சொச்சத்தில் பகா எண்கள் சராசரியாகப் பதிமூன்று பதினான்கு எண்ணுக்கு ஒன்றுதான் வரும். இங்கே ஒன்பது எண் அகலத்துக்குள் நான்கு. ஒரு பத்துக்குள் இதற்கு மேல் நுழையவும் முடியாது: இரட்டைப்படை கூடாது, 5-இல் முடிவது கூடாது, மிஞ்சுவது 1, 3, 7, 9 நான்கே. நடுவில் இருக்கும் 739395 இவர்களுக்காகவே பலியானது போல 3×3×3×5×5477.

இப்படி நால்வராக வரும் கூட்டங்கள் சின்ன எண்களிலும் உண்டு: 11, 13, 17, 19, அப்புறம் 101, 103, 107, 109. முதல் கூட்டமான 5, 7, 11, 13-ஐத் தவிர மற்ற எல்லாவற்றிலும் முதல் எண்ணை 30-ஆல் வகுத்தால் மீதி 11 வரும். 739391-ஐ வகுத்துப் பாருங்கள், 11 வரும். இந்த நால்வர் கூட்டங்கள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா என்பதை இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. இரண்டு இரண்டாக வருவதற்கே நிரூபணம் இல்லை. 2013-இல் இட்டாங் சாங் என்ற கணிதர், இடைவெளி 7 கோடிக்குள் இருக்கும் பகா ஜோடிகள் முடிவில்லாமல் உண்டு என்று காட்டினார். பிறகு பலர் சேர்ந்து அதை 246 வரை இறக்கினார்கள். 2-க்கு இன்னும் வரவில்லை.

#8 எதிர்க்கேள்வி

நால்வர் கூட்டமும் வர்க்கக் கூட்டலும் சரி, அவை எண்ணின் உடம்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெட்டு விளையாட்டை விட்டுவிடலாம் என்பதில் மாற்றமில்லை.

#9 கணக்கு_வாத்தியார்

அவசரப்படாதீர்கள். சட்டைக்குள்ளேயும் தையல் உண்டு. 7, 3, 9, 3, 9, 7. இதில் ஏன் இவ்வளவு 3-ம் 9-ம்? இந்தக் கேள்விக்குப் பதில் வெறும் புதிர்ப் பக்கம் அல்ல.

வலது பக்கம் மட்டும் வெட்டும் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். வெட்டுவதைத் தலைகீழாக்கினால் சேர்ப்பது. 7-இல் தொடங்கி, வலது பக்கம் ஒவ்வோர் இலக்கமாகச் சேர்க்கிறோம், ஒவ்வொரு முறையும் பகா எண் வர வேண்டும். சேர்க்கத் தகுந்தவை 1, 3, 7, 9 மட்டும். இனி 3-ஆல் வகுக்கும் மீதியை மட்டும் பாருங்கள். 7-க்கு மீதி 1. 3-ஐயோ 9-ஐயோ சேர்த்தால் மீதி அசையாது. 1-ஐயோ 7-ஐயோ சேர்த்தால் மீதி ஒன்று கூடி 2 ஆகும். அப்படி இன்னொரு முறை சேர்த்தால் மீதி சுழியாகி, எண் 3-ஆல் வகுபட்டுவிடும். ஆகவே 7-க்குப் பின்னால் எத்தனை இலக்கம் வந்தாலும், அவற்றில் 1 அல்லது 7 என்பது ஒரே ஒரு முறைதான் வரலாம். மற்றதெல்லாம் 3-ம் 9-ம்தான்.

739397-இல் அந்த ஒற்றை வாய்ப்பு கடைசி இலக்கத்தில் செலவாகியிருக்கிறது. சாரல் தம்பி கூட்டிப் பார்த்த 2 நினைவிருக்கிறதா? அதன் பொருள் இதுதான்: இந்தச் சீட்டின் கையிருப்பு தீர்ந்துவிட்டது. இனி வலப்பக்கம் 3 அல்லது 9 மட்டுமே சேர்க்கலாம். 9 சேர்த்தால் 7393979 = 43×171953. 3 சேர்த்தாலும் பகு எண்தான். சங்கிலி அதோடு அறுந்தது.

2-இலோ 5-இலோ தொடங்கினால் தொடக்கத்திலேயே மீதி 2, அதனால் 1-ம் 7-ம் வரவே வராது. 23399339, 59393339 இரண்டையும் பாருங்கள், முழுக்க 3-ம் 9-ம். 3-இல் தொடங்கினால் மீதி சுழி, அடுத்து 1 அல்லது 7 கட்டாயம் வர வேண்டும், பிறகு இன்னொன்று வரலாம்: 37337999.

இதைப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 3-இன் வகுபடும் விதி தெரிந்தால் போதும். பரீட்சைக்கு வராது என்று தெரிந்தும் கேட்டார்கள்.

#10 குற்றாலச்சாரல்

சந்திரன் எண் என்றேன், சிரித்தீர்கள். கடைசியில் அந்த 2-தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நன்றி வாத்தியார் சார். 🙏

அண்ணாச்சி, அந்தக் கட்டிலிருந்து 739391-ஐ யார் எடுத்தார்கள்?

#11 ஆரியங்காவு_மணி

அது தெரியாது. நான் போனபோது கட்டு முழுசாக இருந்தது. மறுநாள் பலகையில் வேறு கட்டு.

#12 கழுதுருட்டி_ரேவதி

739391 எடுத்தவரும் சும்மா ஆள் இல்லை. அதைத் திருப்பிப் போட்டால் 193937, பகா எண். அதோடு 2 கூட்டினால் 193939, அதுவும் பகா எண். அது பெரிய இடம்: அதன் இலக்கங்களை எப்படிச் சுழற்றினாலும் ஆறு எண்ணும் பகா எண்கள். 193939, 939391, 393919, 939193, 391939, 919393. இரண்டாவதைக் கவனியுங்கள், 739391-இல் முதல் இலக்கத்தை மட்டும் மாற்றியது.

வலது பக்கம் சேர்த்தால் 739391 தான் மிக நீளம் போகிறது: 7393913, பிறகு 73939133. வலப்பக்க வெட்டைத் தாங்கும் எண்களில் மிகப் பெரியது அதுதான், எட்டிலக்கம்.

எதிர்க்கேள்விக்கு ஒன்று. ஏன் எட்டில் நிற்கிறது? இதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

#13 எதிர்க்கேள்வி

கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#14 கழுதுருட்டி_ரேவதி

சரி. இது நிரூபணம் இல்லை, கணிப்பு. ஆனால் கணிப்பு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதுதான் வேடிக்கை.

ஒரு பெரிய எண்ணுக்கு அருகில் பகா எண் கிடைக்கும் வாய்ப்பு, 1-ஐ அந்த எண்ணின் இயல் மடக்கையால் (natural logarithm, எண் பெரிதாகப் பெரிதாக மெதுவாகக் கூடும் ஓர் அளவு) வகுத்தது. 1, 3, 7, 9-இல் முடியும் எண்களை மட்டும் பார்த்தால் பத்தில் நான்குதான் அவை, பகா எண்கள் எல்லாம் அந்த நான்கில் அடங்கிவிடுவதால் வாய்ப்பு இரண்டரை மடங்காகும். வலப்பக்கம் சேர்க்க நான்கு வழி. நான்கு இண்டு இரண்டரை, பத்து. ஆக ஒரு சங்கிலிக்குச் சராசரியாகப் பிறக்கும் வாரிசுகளின் எண்ணிக்கை, பத்தை இயல் மடக்கையால் வகுத்தது.

மடக்கை பத்தைத் தாண்டும் வரை குடும்பம் பெருகும், தாண்டியதும் சுருங்கும். இயல் மடக்கை 10 ஆகும் எண் ஏறக்குறைய 22,026. அதாவது ஐந்திலக்கத்தில் இறங்குமுகம் தொடங்க வேண்டும். உண்மையான கணக்கு இது. ஓரிலக்கத்தில் 4, ஈரிலக்கத்தில் 9, மூன்றில் 14, நான்கில் 16, ஐந்தில் 15, ஆறில் 12, ஏழில் 8, எட்டில் 5, ஒன்பதில் சுழி. மொத்தம் 83. உச்சி நான்கிலக்கத்தில், சரிவு ஐந்தில்.

இடப்பக்கம் வேறு கதை. முன்னால் 1 முதல் 9 வரை எதையும் வைக்கலாம், இரட்டைப்படைகூட. நான்கு வழிக்குப் பதில் ஒன்பது. ஒன்பது இண்டு இரண்டரை, இருபத்திரண்டரை. இயல் மடக்கை அதைத் தாண்டுவது ஏறத்தாழ 590 கோடியில், பத்திலக்கம். அங்கே உண்மையான உச்சி ஒன்பதிலக்கத்தில்: 545 எண்கள். பத்தில் 517, பதினொன்றில் 448 என்று இறங்கி, 24 இலக்கத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சுகிறது:

357686312646216567629137

மொத்தம் 4260. இடமிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வாருங்கள், 7 வரை பகா எண்களாகவே வரும்.

ஆக இரு பக்கமும் தாங்க வேண்டும் என்றால் 83-க்குள்தான் தேட வேண்டும். அதில் ஆறிலக்கத்தில் 12 இருக்கின்றன. அந்தப் பன்னிரண்டில் நான்கு, மணி அண்ணா பார்த்த அதே கிளிப்பில் தொங்கியவை. இடப்பக்க வெட்டையும் தாங்கியது அண்ணா உருவிய ஏழு மட்டும்.

#15 எதிர்க்கேள்வி

இது நன்றாக இருக்கிறது. பத்து என்ற அடிமானம் தற்செயல், ஆனால் எந்த அடிமானம் எடுத்தாலும் இப்படி ஓர் உச்சியும் ஒரு சரிவும் வரும் என்கிறீர்கள். அடிமானம் பெரிதானால் சேர்க்கும் வழிகள் கூடும், சங்கிலி நீளும். விளையாட்டு பத்துக்குச் சொந்தம், அது முடிகிற காரணம் பத்துக்குச் சொந்தமில்லை. இந்த அளவுக்கு இறங்கி வருகிறேன். ஹார்டி வரமாட்டார்.

#16 மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது, ஒரு சின்னக் குறிப்பு. தனிமடலில் இரண்டு பேர் “தென்காசிக்குச் சீட்டு அனுப்பி வைப்பீர்களா” என்று மணியைக் கேட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். கோட்டைவாசல் எல்லைக்கு அந்தப்பக்கம் வாங்குவது அவரவர் பாடு.

கேரள லாட்டரி பற்றி ஒரு வரி, இழைக்குப் பொருத்தம் என்பதால்: துறை தொடங்கியது 1967, முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. அன்று சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000.

#17 ஆரியங்காவு_மணி

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சார் 3-ஆல் வகுத்துக் காட்டியது எனக்கே புரிந்தது, அதுவே பெரிய விஷயம். ஒரே ஒரு சந்தேகம். பகா எண்ணாகப் பார்த்துச் சீட்டு வாங்கினால் பலன் ஏதாவது உண்டா?

#18 கணக்கு_வாத்தியார்

ஒன்றும் இல்லை மணி. 000000 முதல் 999999 வரை பத்து லட்சம் எண்கள், அதில் பகா எண்கள் 78,498. நூற்றுக்கு எட்டுகூடத் தேறாது. குலுக்கலுக்கு எல்லா எண்ணும் ஒன்றுதான். பகா எண்ணுக்கே பரிசு விழும் என்று காத்திருந்தால், சராசரியாகப் பதின்மூன்று குலுக்கலில் பன்னிரண்டில் ஏமாறுவீர்கள்.

ஆனால் வரிசையாகத் தொங்கும் சீட்டைப் பற்றி நம் பக்கத்து ஆள் ஒருவர் செய்த வேலை இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த இழையை விட மனமில்லை. எஸ். எஸ். பிள்ளை. 1901-இல் குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் பிறந்தவர். செங்கோட்டையில் படித்தார். அன்றைக்கு அது திருவிதாங்கூர். பிறகு நாகர்கோவில், திருவனந்தபுரம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று போனார்.

அவர் காட்டியது: அடுத்தடுத்த எண்களாகப் பதினாறு வரை எத்தனை எடுத்தாலும், அதில் ஒன்றாவது மற்ற எதனோடும் பொதுக் காரணி இல்லாமல் தனித்து நிற்கும். பதினேழு எடுத்தால் அந்த உத்தரவாதம் போய்விடும். முதன்முதலில் போகும் இடம் 2184 முதல் 2200 வரை. சீட்டாகச் சொன்னால் 002184-இலிருந்து பதினேழு சீட்டு. இரட்டைப்படைகள் தங்களுக்குள் 2-ஐப் பகிர்ந்துகொள்ளும், அவற்றை விடுங்கள். மிஞ்சுபவை எட்டு. 2185-ம் 2195-ம் 5-ஆல் வகுபடும். 2187, 2193, 2199 மூன்றும் 3-ஆல். 2191-க்கும் 2184-க்கும் 7 பொது. 2189 = 11×199, அதற்கு 2200 துணை. கடைசியாக 2197, அது 13×13×13. தனித்து நிற்கும் போலத் தோன்றும். ஆனால் 2184 = 13×168, அதுவும் மாட்டிக்கொண்டது. இதைத் தாளில் ஒரு முறை எழுதிப் பாருங்கள், எட்டு எண்ணும் ஏதாவது ஒரு கொக்கியில் மாட்டியிருப்பது தெரியும்.

இன்னொன்று. உங்கள் சீட்டின் முதல் இரண்டு இலக்கம் 73. எந்த முழு எண்ணையும் ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுத 73 போதும் என்று 1940-இல் நிரூபித்தவர் இதே பிள்ளைதான். 73-க்குக் குறைத்தால் ஆகாது, 703 என்ற எண் சாட்சி: 64 பத்து முறை, 1 அறுபத்து மூன்று முறை. அடுத்த ஆறாம் அடுக்கு 729, அது 703-ஐத் தாண்டிவிடுகிறது.

1950-இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டவர் கெய்ரோ அருகே விமான விபத்தில் போய்விட்டார். வயது ஐம்பதுகூட ஆகவில்லை. வல்லம் வழியாகக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

#19 குற்றாலச்சாரல்

சார், நான் வல்லத்துக்காரன். எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

#20 எதிர்க்கேள்வி

பிள்ளையைப் பற்றிச் சொன்னதற்காகவே இந்த இழைக்கு ஐந்து நட்சத்திரம். பழைய கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. ஒன்பதிலக்கத்தில் சுழி என்று ரேவதி எழுதினார். கணிப்பு “குறையும்” என்றுதான் சொல்லும், “சுழி” என்று சொல்லாது. சுழி என்பதை எப்படி உறுதி செய்கிறீர்கள்?

#21 ஆரியங்காவு_மணி

மருமகள் எழுதுகிறேன், மாமா கடைக்குப் போயிருக்கிறார்.

எதிர்க்கேள்வி சார், வாத்தியார் சார் சொன்ன மீதிக் கணக்கே போதும். எட்டிலக்கத்தில் இருப்பவை ஐந்து: 23399339, 29399999, 37337999, 59393339, 73939133. ஐந்திலும் இலக்கங்களைக் கூட்டி 3-ஆல் வகுத்தால் மீதி 2 வருகிறது. கையிருப்பு ஐந்துக்குமே தீர்ந்துவிட்டது. ஆகவே 1-ம் 7-ம் சேர்க்க முடியாது, 3-ம் 9-ம் மட்டும். ஐந்துக்கு இரண்டு வீதம் பத்தே எண்கள். அந்தப் பத்தும் பகு எண்கள் என்று காட்டினால் போதும். ஒன்பதில் ஒன்றும் இல்லையென்றால் பத்திலும் இல்லை, அதற்கு மேலும் இல்லை, ஏனென்றால் நீளமான எதை வெட்டினாலும் ஒன்பது வழியாகத்தான் இறங்க வேண்டும்.

இரண்டு கையாலேயே விழுந்துவிட்டன. 293999993: மூன்று மூன்றாகப் பிரித்து 993 − 999 + 293 = 287, அது 7×41. ஆக 7-ஆல் வகுபடும், ஈவு 41999999. 373379993: 993 − 379 + 373 = 987, அதுவும் 7-இன் மடங்கு, ஈவு 53339999. 739391333-க்கும் 739391339-க்கும் நூறுக்குள் காரணி கிடையாது, அங்கே கை வலித்துவிட்டது, ரேவதி அக்காவின் கம்ப்யூட்டருக்கு விட்டுவிட்டேன்.

#22 கழுதுருட்டி_ரேவதி

போட்டாயிற்று கண்ணு. பத்தும் பகு எண்கள்.